உப்புக்காற்றும் சலவைப்பொறியும்

பொதிகையிற் பிறந்து வரும் தாமிரபரணி புன்னைக்காயலுக்கு அருகே கடலொடு கலக்கின்றது. அதற்கு வடக்கே மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்துள்ளது தூத்துக்குடித் துறைமுக நகரம். ஒருபுறம் கடல், மறுபுறம் வெண்ணிறக் குவியல்கள் வரிசை வரிசையாக நிற்கும் உப்பளங்கள். இந்தியாவில் உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்த நிலையில் நிற்பது தமிழ்நாடு. அத்தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி இம்மாவட்டத்திலேயே விளைகின்றது. ஊருக்குச் செல்வம் தரும் இவ்வுப்பு வீட்டினுள்ளும் புகும் இயல்புடையது. அது புகுந்த வீட்டில் கொடியில் உலர்ந்த துணியும் பிசுபிசுக்கும். சன்னற் கம்பிகள் துருவேறும். சோப்பு நுரைக்க மறுக்கும். அத்தகைய ஊரில் துணி துவைத்து உலர்த்தும் பொறியொன்றை வாங்கி, அது நெடுநாள் உழைக்கும்படி பேணுவது எங்ஙனம் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஆடை வெளுத்தல் நம் நாட்டில் மிகப் பழைய தொழிலாகும். துணிக்குக் கஞ்சியிட்டு அலசும் மகளிரைச் சங்கப் பாடல்களிலேயே காண்கிறோம். உவர்மண் கரைத்த நீரில் துணிகளைத் தோய்த்து, பெரும் பானையின்மீது அடுக்கி, நீராவியால் வேகவைப்பது நம் ஊர்களில் வழங்கிவந்த முறை. இதனை வெள்ளாவி வைத்தல் என்பர். உவர்மண்ணில் உள்ள காரம் அழுக்கின் எண்ணெய்ப்பசையை இளக்கிற்று. ஆவியின் வெப்பம் அவ்வேலையை விரைவுபடுத்திற்று. பின்னர்க் கல்லில் அடித்தும் ஓடும் நீரில் அலசியும் எஞ்சிய அழுக்கை நீக்கினர். காரம், வெப்பம், அசைவு என்னும் இம்மூன்றையே இன்றைய சலவைப்பொறியும் பயன்படுத்துகின்றது. ஒரு மனிதர் முதுகு நோகச் செய்த வேலையை மின்விசை செய்வதே வேறுபாடு. இவ்வேறுபாட்டைச் சிறிதென்று எண்ணிவிடலாகாது. தெருக்குழாயில் குடம் குடமாக நீர் பிடித்துச் சுமந்து, குடும்பத்தார் அனைவருடைய துணியையும் கையால் துவைத்த தாய்மார்க்கு அதன் பெருமை தெரியும்.

மக்கள் வழக்கில் வாஷிங் மெஷின் எனப்படும் இப்பொறி, தானே நீரை எடுத்து, துவைத்து, அலசி, பிழியும் வடிவில் அமெரிக்க நாட்டில் 1937ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. துவைத்த தொட்டியிலேயே துணியை உலர்த்தியும் தரும் இரட்டைப் பொறி 1950களில் தோன்றிற்று. அதன் அமைப்பு எளியது. துளைகள் உள்ள எஃகு உருளை ஒன்று, நீர் தேங்கும் வெளித்தொட்டி ஒன்றனுள் படுக்கையாகச் சுழல்கின்றது. துவைக்கும்போது மெல்லச் சுழன்று துணியை மேலே தூக்கிக் கீழே வீழ்த்துகின்றது. பிழியும்போது நிமிடத்திற்கு ஆயிரம் முறைக்கு மேல் சுழன்று நீரைத் துளைகளின் வழியே வெளியே எறிகின்றது. உலர்த்தும்போது மின்சூட்டுக்கம்பி காற்றைச் சூடாக்க, விசிறி அக்காற்றைத் துணிகளின் ஊடே செலுத்துகின்றது. துணியின் ஈரத்தை ஏற்றுக்கொண்ட காற்று குளிர்ந்த பகுதியொன்றை அடைந்து, ஈரத்தை நீராக அங்கே விட்டுவிட்டு, மீண்டும் சூடேறச் செல்கின்றது.

பொறியுடன் வரும் கையேட்டில் இவையெல்லாம் படத்துடன் விளக்கப்பட்டிருக்கும். ஆயினும் அக்கையேடு எல்லா ஊர்களுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. தூத்துக்குடியின் நீரையும் காற்றையும் அது அறியாது. அவற்றை நாம்தாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் நீரைப் பார்ப்போம். இந்நகரில் நல்ல நீர் எக்காலத்தும் அருமையுடையது. நகரசபைத் தலைவராக விளங்கிய இராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்கள், 1920களில் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய்வழிக் கொணர்ந்த செயலை ஊரார் இன்றும் நன்றியுடன் நினைவுகூர்கின்றனர். ஆற்றுநீர் குழாயில் வரும் நாளில் துணி துவைப்பது எளிது. அது வாராத நாளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரையோ லாரியில் வரும் நீரையோ நாட வேண்டியுள்ளது. கடலோர நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பும் கடினத்தன்மையும் உடையது.

கடினநீர் என்பது யாது? கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுதியாகக் கரைந்துள்ள நீரே கடினநீராகும். இவை சோப்புடன் கூடினால் நீரிற் கரையாத வெண்ணிறப் பிசுக்கு உண்டாகின்றது. முதலிற் போட்ட சோப்பு இப்பிசுக்காகவே செலவழிந்துவிடும். அதன் பின்னரே நுரை எழும். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றுள் மக்னீசியம் மட்டுமே ஒரு கிராமுக்கு மேல் உண்டு. கடல்நீரில் சோப்பு நுரையாமைக்கு இதுவே காரணம். மேலும், மக்னீசியத்தின் குளோரைடு உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலின் உப்பு நீங்காத துணி எத்துணை வெயிலில் காய்ந்தாலும் மாலையில் மீண்டும் நமுத்துப்போகின்றது.

கடினநீரைச் சூடாக்கினால் மற்றொரு தொல்லை விளைகின்றது. அதில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட்டு, கால்சியம் கார்பனேட்டாக மாறி, சூட்டுக்கம்பியின்மீது வெண்ணிறக் காரையாகப் படிகின்றது. அன்றாடம் வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் இக்காரையை நீங்கள் கண்டிருப்பீர்கள். காரை வெப்பத்தை எளிதிற் கடத்தாது. கம்பியின் சூடு நீருக்குச் செல்லாமல் கம்பியிலேயே தங்குவதால் மின்சாரம் வீணாகின்றது. இறுதியில் கம்பி எரிந்து அறுகின்றது. இக்கரையில் பொறிகள் பழுதுறுவதற்குரிய காரணங்களுள் இது தலையாயது என்பது எம் கருத்து.

இங்கே வியப்பான செய்தி ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். இக்கடற்கரைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது முத்து. அம்முத்தும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டே! சிப்பியின் உடலுக்குள் ஏட்டின்மேல் ஏடாகப் படிந்தால் முத்து. சலவைப்பொறியின் கம்பியிற் படிந்தால் காரை. 1961ஆம் ஆண்டிற்குப் பின் இக்கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. காரையோ நாள்தோறும் விளைந்துகொண்டே இருக்கின்றது. எகிப்து அரசி கிளியோபாத்திரா புளித்த காடியில் முத்தைக் கரைத்துப் பருகினாள் என்று உரோமானிய எழுத்தாளர் பிளினி கதை கூறுவார். கதை எவ்வாறாயினும் அதிலுள்ள வேதியியல் மெய். கால்சியம் கார்பனேட்டு அமிலத்திற் கரையும். எனவே, கடைகளில் எலுமிச்சை உப்பு என்னும் பெயரால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை ஏறத்தாழ 100 கிராம் அளவில் வெற்று உருளையில் இட்டு, துணி எதுவும் போடாமல் 60 பாகை வெப்பத்தில் ஒருமுறை பொறியை ஓட்டினால் காரை பெரும்பாலும் கரைந்துபோகும். கிணற்று நீர் பயன்படுத்துவோர் இரண்டு மாதத்திற்கு ஒருமுறையேனும் இதனைச் செய்தல் நலம். வெளுப்புத்தூளை மட்டும் அமிலத்துடன் ஒருபோதும் சேர்த்தலாகாது. அவ்விரண்டும் கூடினால் குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும்.

கடினநீரை மென்னீராக்குவதற்குச் சலவைச் சோடாவும் உதவும். சலவைச் சோடா செய்வதற்கு வேண்டிய முதற்பொருள் உப்பு. உப்புக் கரைசலில் அமோனியாவையும் கரியமில வாயுவையும் செலுத்திச் சோடா ஆக்கும் தொழிற்சாலை ஒன்று தூத்துக்குடியிலேயே அமைக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியபோது, அச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. சோப்பைக் கெடுக்கும் உவர்நீரும் சோடாவுக்கு உரிய உப்பும் ஒரே மண்ணின் விளைவுகளாக இருப்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும் பொறிக்கெனச் செய்யப்படும் சலவைத்தூளில் நீரை மென்மையாக்கும் பொருள்கள் முன்னமே கலக்கப்பட்டிருக்கும். அதனுடன் வேறு சோடாவை அள்ளிப் போடுவது வேண்டாதது. கையால் துவைப்பதற்குரிய தூளையும் இதில் இடலாகாது. அதன் நுரை மிகுந்து, துணி உருளையிற் புரண்டு விழுவதைத் தடுக்கும். சில வேளைகளில் கதவிடுக்கின் வழியே பொங்கி வழியும்.

அடுத்து, காற்று. கச்சான் வீசும் ஆடி மாதத்தில் இந்நகரத்துக் காற்று வறண்டிருக்கும்; கொடியிற் போட்ட வேட்டி நாழிகைப் பொழுதில் உலர்ந்துவிடும். கடலிலிருந்து கொண்டல் வீசும்போதோ, காற்றே ஈரமாகவும் உப்பாகவும் இருக்கும். அக்காற்று படும் திறந்த மாடத்திலும் மொட்டைமாடியிலும் பொறியை வைத்தால், வெளித்தகடு ஓரிரு ஆண்டுகளிலேயே பொரிந்துவிடக்கூடும். உள்ளேயுள்ள மின்னிணைப்புகளும் பச்சை பூக்கும். ஆகவே வீட்டின் உட்பகுதியில், காற்றோட்டமுள்ளதாயினும் கடற்காற்று நேரே தாக்காத இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தகட்டின் மேற்புறத்தை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வாரம் ஒருமுறை துடைத்து, பின் உலர்ந்த துணியாலும் துடைப்பது போதும். சூட்டுக்கம்பி மட்டுமே ஏறத்தாழ 2000 வாட்டு மின்சாரம் கொள்வதால், பொறிக்கெனத் தனியே 16 ஆம்பியர் செருகுவாயும், பழுதில்லாத நில இணைப்பும் இருத்தல் இன்றியமையாதது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று பொறியைத் தொடும் வீடுகளில் நில இணைப்பு உயிர்காக்கும் பொருளாகும்.

இனி அன்றாடப் பயன் குறித்துச் சில கூறுவோம். உப்பளத்தில் வேலை செய்தவரின் உடைகளையும், தோணியிலும் விசைப்படகிலும் சென்று திரும்பியவரின் உடைகளையும் அப்படியே பொறியில் திணித்தலாகாது. முதலில் மணலை உதறி, ஒரு வாளி நன்னீரில் ஊறவைத்து, உப்பை வெளியேற்றிய பின்னரே இடுதல் வேண்டும். துருப்பிடியா எஃகு என்று பெயர் பெற்றிருப்பினும், உப்பு நெடுநேரம் தங்கினால் அதிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். சட்டைப்பைகளைச் சோதிப்பதும் மறக்கத்தகாதது. தூண்டில்முள், ஆணி, காசு ஆகியவை உருளையின் துளை வழியே நழுவி, நீரேற்றும் விசையைச் சிக்கவைக்கும்.

உருளையை அடைத்து நிரப்புதல் பலரிடம் காணும் பழக்கம். மேலே ஒரு சாண் இடமேனும் வெறுமையாக இருந்தால்தான் துணி தூக்கி விழுந்து அழுக்கு நீங்கும். எட்டுக் கிலோ துவைக்கும் பொறி பெரும்பாலும் ஐந்து கிலோ அளவே உலர்த்தவல்லது. காய்ந்த துணி ஈரத்துணியைவிட மிகுந்த இடங்கொள்ளும் ஆதலால், துவைத்தவற்றுள் ஒரு பகுதியை வெளியே எடுத்த பின்னரே உலர்த்துவதற்குத் திருப்ப வேண்டும். வேலை முடிந்ததும் கதவை உடனே சாத்திவிடாமல் சற்றே திறந்து வைத்து, வாயிலைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்புகளைத் துடைத்துவிட்டால் பூஞ்சணமும் நாற்றமும் அணுகா. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மட்டும் இதற்கு விதிவிலக்கு உண்டு. திறந்த உருளை அவர்கட்கு ஒளிந்து விளையாடும் குகையாகத் தோன்றும். அங்கே வளையத்தைத் துடைத்து உலரவிட்டபின் கதவைப் பூட்டி வைப்பதே தக்கது. தம்பி தங்கையர் உள்ள மாணவர்கள் இதனை மனத்திற் கொள்க.

உலர்த்தும் பகுதியைப் பற்றிச் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு கிலோ பருத்தித் துணி நன்கு பிழியப்பட்ட பின்னும் ஏறக்குறைய இரண்டு கிலோ நீரைத் தாங்கியிருக்கும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2260 கிலோஜூல் வெப்பம் வேண்டும் என்று அறிவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். இரண்டு கிலோவுக்கு அது 4500 கிலோஜூலுக்கு மேற்படும். ஒரு யூனிட்டு மின்சாரம் 3600 கிலோஜூலுக்குச் சமம். ஆகவே எந்தப் பொறியாயினும், சூட்டுக்கம்பியால் அந்நீரைப் போக்க ஒன்றேகால் யூனிட்டுக்குக் குறையாது. நடைமுறையில் அதனினும் மிகுதியாகவே செலவாகும். வெப்பத்தைக் காற்றால் குளிர்விக்காமல் நீரால் குளிர்விக்கும் வகைப் பொறிகள் உலர்த்துவதற்கும் குழாய்நீரைச் செலவிடுகின்றன. துணியைக் காயவைக்கத் தண்ணீரைக் கொட்டுவதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத் தக்க கேள்வியே அது. துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியை எரித்து ஆக்கிய மின்சாரத்தாலும், மலையிலிருந்து நெடுந்தொலைவு வந்த ஆற்றுநீராலும் ஒரு வேட்டியை உலர்த்துவது, வெயில் காயும் பங்குனி மாதத்தில் பொருந்தாச் செயலாகும். ஆண்டின் பெரும்பகுதியும் இந்நகரில் கதிரவனே தலைசிறந்த உலர்த்தி. கட்டணமும் வாங்கான்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழைக் காலம் வேறு. நான்கு நாளாகக் காயாத பள்ளிச் சீருடை, கைக்குழந்தையின் துணி, நோயாளியின் விரிப்பு ஆகியவற்றிற்கு அப்போது உலர்த்தும் வசதி பேருதவி புரியும். கொடி கட்ட இடமில்லாத அடுக்குமாடி வீட்டாருக்கும் அவ்வாறே. உலர்த்துமுன் மிகுந்த விரைவில் ஒருமுறை கூடுதலாகப் பிழிந்துகொள்வது சிக்கனம். விசையால் நீரை எறிவது வெப்பத்தால் நீரைப் போக்குவதைவிடப் பன்மடங்கு மலிவு. உலரும்போது துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்துகள் காற்றுவழியை அடைக்கும். அது எளிதில் தீப்பற்றும் பொருளுமாகும். எனவே வடிகட்டியை உரிய நாளில் திறந்து, துகளை அகற்றித் தூய்மை செய்ய வேண்டும்.

தீயைப் பற்றி மற்றொன்றும் கூறல் வேண்டும். நல்லெண்ணெய், மீனெண்ணெய் முதலியன தோய்ந்த துணிகளை உலர்த்தும் பொறியில் இடவே கூடாது. மரப்படகுகளுக்கு மீனெண்ணெய் பூசிய துணியாயின் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். இவ்வெண்ணெய்கள் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடும்போது தாமே வெப்பம் கொள்வன. சூடான துணிக் குவியலின் நடுவே அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகினால், நெருப்பு வைப்பார் ஒருவரும் இல்லாமலே துணி எரியத் தொடங்கும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் பட்டவற்றைப் பொறியின் அருகே கொண்டுவருதலும் ஆகாது. உலர்த்துதலின் இறுதியில் பொறி சிறிது நேரம் சூடில்லாக் காற்றைச் செலுத்தித் துணியை ஆற்றுகின்றது. அவசரத்தால் இடையில் நிறுத்தினால், துணிகளை உடனே வெளியே எடுத்து விரித்துப் போட்டுவிட வேண்டும்.

இறுதியாக வெள்ளம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் இம்மாவட்டத்திற் பெய்த மழையை எவரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுதும் பெய்ய வேண்டிய மழையினும் அது மிகுதியாகும். தூத்துக்குடி நகரத்துத் தெருக்களில் பல நாள் நீர் தேங்கிற்று. எண்ணற்ற வீடுகளில் கட்டிலும் அடுப்பும் மூழ்கின. முன்புறம் கதவுள்ள சலவைப்பொறியில் மோட்டார் அடிப்பகுதியில் இருப்பதால், முழங்கால் அளவு நீரே அதனைக் கெடுக்கப் போதுமானது. அவ்வாறு நனைந்த பொறியை, வெள்ளம் வடிந்தவுடன் ஓடுகிறதா பார்ப்போம் என்று முடுக்குவது பெருந்தவறு. வீட்டின் முதன்மை மின்விசையை நிறுத்திய பின்னரே செருகியைக் கழற்ற வேண்டும். நீரில் நின்றுகொண்டு எதனையும் தொடலாகாது. சேற்றையும் உவரையும் நன்னீரால் கழுவி நீக்கி, பின்தகட்டைத் திறந்து, பல நாள் காற்றில் உலரவிட்டு, மின்கசிவு உண்டா இல்லையா என்பதைத் தொழில் வல்லவர் மெக்கர் கருவியால் சோதித்தறிந்த பிறகே மின்சாரம் செலுத்துதல் வேண்டும்.

தாழ்ந்த பகுதியில் குடியிருப்போர் பொறிக்கென ஒன்றரை அடி உயரத்திற்குக் காரை மேடை கட்டிக்கொள்வது நல்ல முன்னேற்பாடு. அசையும் இரும்பு முக்காலி இதற்கு உதவாது. பிழியும் வேகத்தில் பொறி நகர்ந்து விழுந்துவிடும். மேடை சமமட்டமாக இருத்தல் வேண்டும். பொறியை உயர்த்தும்போது கழிவுநீர்க் குழாயின் வாயையும் அதே அளவு உயர்த்திப் பொருத்த வேண்டும். அது உருளையின் நீர்மட்டத்திற்குக் கீழே தொங்குமாயின், பொறி நீரை எடுக்க எடுக்க, அந்நீர் தொட்டியில் தங்காது வெளியே ஓடிக்கொண்டேயிருக்கும்.